துறைமுக வாய்க்கு வடக்கே கரை தேய்கிறது: கல் கொட்டக் கேட்பதா, தூண்டில் வளைவு கேட்பதா?

கேள்வி: வடகரை

வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கரையில் உள்ள ஒரு மீனவ ஊருக்காகக் கேட்கிறேன். ஊர்க் கடற்கரை ஏறக்குறைய 2 கி.மீ. நீளம். தெற்கே பக்கத்து ஊருக்குக் கருங்கல் கொட்டித் தடுப்புச் சுவர் போட்டாகிவிட்டது. அதன் பிறகு வந்த வாடைக் காலத்திலிருந்து எங்கள் தெற்கு முனையில் வெட்டு கூடிவிட்டது. சுவர் முடியும் இடத்திலிருந்து முதல் 300 மீட்டருக்கு வலை காயப்போட இடமில்லை. ஃபைபர் படகுகளை ரோட்டோரம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வடக்கே போகப் போக வெட்டு குறைவு.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். ஊரில் பாதிப் பேர் "நமக்கும் கல் கொட்டுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கேட்கிறார்கள். கரைவலை இழுப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், கடல் மட்டம் உயர்வதால் வருவது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: தீர்மானத்தில் எதைக் கேட்பது? கல் போடுவது என்றால் எந்த எடையில், எப்படிப் போட்டால் நிற்கும்? கரை எவ்வளவு போயிற்று என்பதை ஊர்க்காரர்களே அளந்து காட்ட வழி உண்டா?

—

பதில்: அலைவாய்

முதலில் அந்தக் கடல் மட்டப் பேச்சை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது உங்கள் கோரிக்கையையே அடைத்துவிடும். உலக அளவில் கடல் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மி.மீ. உயர்கிறது. மணல் கரையில் மட்டம் 1 பங்கு உயர்ந்தால் கரை 50 முதல் 100 பங்கு பின்வாங்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 20 முதல் 40 செ.மீ. அது உண்மையான பிரச்சினைதான், 50 ஆண்டில் பெரிதாகத் தெரியும். ஆனால் படகு நிறுத்தும் இடம் ஒன்றிரண்டு ஆண்டில் காணாமல் போவதற்கு அது காரணமாக முடியாது. அதுவும் தெற்கு முனையில் அதிகம், வடக்கே குறைவு என்கிறீர்கள். கடல் மட்டம் ஊருக்குள் முனைக்கு முனை வேறாக உயராது. உங்களுக்குத் தெற்கே மணல் மறிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நம் சோழமண்டலக் கரையில் மாசி, பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகிறது. கரையோர மணல் வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் திசை மாறித் தெற்கே வருகிறது. வடக்கே போவது அதிகம், திரும்பி வருவது குறைவு. இரண்டையும் கழித்தால் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. உங்கள் கடற்கரை என்பது இந்த ஓட்டத்தில் கொஞ்ச நேரம் தங்கிப் போகும் மணல்தான். மேலே அடைத்தால் கீழே வற்றும்.

1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் இதை முழு அளவில் காட்டியது. தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடபுறம் ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை போனது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்ததும் அதே கதை. தென்புறம் மணல் மேடு, வடபுறம் நகரின் கடற்கரை முழுக்கக் கருங்கல். அங்கே சேரும் மணலைத் தூர்வாரிக் குழாய் வழியே வடக்கே தள்ளும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நகரத்துக்குக் கல் போட்டதும் பசி அடுத்த ஊருக்குப் போனது, அங்கே போட்டதும் அதற்கடுத்த ஊருக்கு. இப்போது உங்கள் வாசலில் நிற்கிறது.

அதனால் தீர்மானத்தின் முதல் வரி கல்லாகவும் இருக்கக்கூடாது, வளைவாகவும் இருக்கக்கூடாது. "துறைமுக வாயில் ஆண்டுதோறும் மறிக்கப்படும் மணலை எடுத்து வடகரையில் போடு" என்பதுதான் முதல் வரி. இது கனவுத் திட்டம் இல்லை. விசாகப்பட்டினம் துறைமுகத்தில் மணல் பொறி (ஓடிவரும் மணல் விழுந்து தங்கும் பள்ளம்) வைத்து, அதில் சேர்வதைத் தூர்வாரி வடக்கே ஆர்.கே. கடற்கரையில் போடுவது பல காலமாக உள்ள நடைமுறை. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் 1986 முதல் கடலுக்குள் நீட்டிய பாலத்தின் அடியில் ஜெட் பம்புகளை வைத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டரை முகத்துவாரத்தின் அடியால் மறுபுறம் அனுப்புகிறார்கள். அதற்குத் தெற்கே ட்வீட் ஆற்று வாயிலும் 2001 முதல் அதே முறை.

போடும் இடத்தையும் தீர்மானத்தில் எழுதுங்கள். வடக்கு அலைத்தடுப்புச் சுவரின் நிழலிலேயே (சுவர் அலையை மறைக்கும் பகுதியில்) கொட்டினால் வாடையில் அது மறுபடி வாய்க்குள் வந்து சேரும், அடுத்த ஆண்டு அதே மணலை மறுபடி அள்ளியதாகக் கணக்கு வரும். நிழலைத் தாண்டி, வடக்கே கொட்ட வேண்டும். ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதைத் தடை செய்யவும் கேளுங்கள்.

—

பதில்: கருங்கல்

அலைவாய் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் டிரெட்ஜர் (தூர்வாரும் கப்பல்) வரும்வரை வீடு நிற்காது. எப்படியும் கல் வரும். வரும் கல்லாவது ஒழுங்காக வரட்டும் என்று எழுதுகிறேன்.

கல் எடைக்கு ஹட்சன் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எடை அலை உயரத்தின் மூன்றாம் படியாகக் கூடும். சுவரடியில் வந்து உடையும் அலையின் உயரம் அங்குள்ள நீர் ஆழத்தில் ஏறக்குறைய 0.78 மடங்கு. இப்போது கணக்கு பாருங்கள். சரிவு 1க்கு 2, கருங்கல்லின் அடர்த்தி 2.65, ஒழுங்கில்லாமல் இரண்டு அடுக்காகப் போட்ட உடைகல் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஆழம் 2.5 மீட்டர் என்றால் அலை 1.95 மீட்டர், தேவையான மேல்கல் (அலையை நேரடியாகத் தாங்கும் வெளிக்கல்) ஒவ்வொன்றும் 1.2 டன். இரண்டு வாடைக்குப் பிறகு சுவரடியில் 1 மீட்டர் மணல் பறிபோய் ஆழம் 3.5 ஆனால் அலை 2.7 மீட்டர், தேவையான கல் 3.4 டன். சுவர் அதே சுவர், கல் அதே கல், ஆனால் இப்போது மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கிறது. "நல்லாத்தானே போட்டார்கள், ஏன் உருண்டது" என்று கேட்கும் ஊர்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான். சுவரில் மோதித் திரும்பும் அலையே அடிமணலைத் தோண்டும். மோதும் அலையின் உயரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு ஆழம் தோண்டும் என்று கணக்கில் எடுப்பது வழக்கம். முன்னால் மணல் இல்லாத சுவர் தன் குழியைத் தானே பறிக்கிறது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை:

மணல் மேல் நேரடியாகக் கல் கொட்டினால் அலை இழுக்கும்போது இடுக்கு வழியே மணல் வெளியேறும், கல் இறங்கும். கீழே ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மணலைத் தடுக்கும் செயற்கைத் துணி) வேண்டும், அதன் மேல் சிறுகல் படுக்கை, அதன் மேல் மேல்கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ள நடுக்கல், கடைசியில் மேல்கல் இரண்டு அடுக்கு. 2.5 டன் கல் என்றால் இரண்டு அடுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் கனம் வரும். ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு அளவு எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. துணியில் பெரிய கல்லை உயரத்திலிருந்து போட்டால் கிழியும், அதனால் நடுக்கல் பரப்பிய பிறகே மேல்கல் இறங்க வேண்டும்.

சுவரின் அடிக்காலை இன்றைய மணல் மட்டத்துக்குக் கீழே புதைக்க வேண்டும். புதைக்க முடியாத இடத்தில் கடல் பக்கம் 4, 5 மீட்டர் அகலத்துக்குக் கல் விரிப்பு போட்டால், மணல் பறிபடும்போது அது தானாகச் சரிந்து குழியை மூடும்.

லாரியில் வரும் கல்லின் எடையை யாரும் பார்க்கலாம், எடைமேடை வேண்டாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் டேப்பில் அளந்து பெருக்குங்கள். ஒழுங்கற்ற கல் என்பதால் 0.6ஆல் பெருக்குங்கள், பிறகு 2.65ஆல். 1.2 மீட்டர், 1.0, 0.9 உள்ள கல் 1.7 டன் வரும். கேட்ட எடையில் முக்கால் பங்குக்குக் கீழே உள்ளதைத் திருப்பி அனுப்பலாம். நீளம் கனத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும் பலகைக் கல்லும் வேண்டாம், அது பூட்டிக்கொள்ளாது, உடைந்தும் போகும்.

சுவர் முடியும் முனையை நேராக வெட்டி நிறுத்தினால் அலை பின்னால் சுற்றி வந்து சுவரைப் பின்பக்கமாகத் தின்னும். கடைசி 10, 15 மீட்டரைத் தரைப்பக்கம் வளைத்துப் புதைக்க வேண்டும். உங்கள் தெற்கு எல்லையில் பக்கத்து ஊர்ச் சுவர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். வெட்டி நிறுத்தியிருந்தால் உங்கள் முதல் 300 மீட்டரின் நிலைக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. கம்பிவலைக் கூடையில் கல் நிரப்பி அடுக்குவதை மலிவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உப்புநீரும் கல் உரசலும் சேர்ந்து கம்பியைச் சில ஆண்டுகளில் அறுத்துவிடும். பிறகு கையளவு கல் கரை முழுக்க உருளும், வலை கிழியும், கால் கிழியும்.

—

பதில்: நெய்தல்

தூண்டில் வளைவு பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நம் ஊர்களில் அதன் மேல் நம்பிக்கை அதிகம், நியாயமான காரணமும் உண்டு: கல் சுவரைப் போலன்றி அது கொஞ்சம் மணலைப் பிடித்துக் கொடுக்கிறது, படகு ஏற்ற இடம் தருகிறது. ஆனால் பிடிக்கும் மணல் வடக்கே போக வேண்டிய மணல். வளைவு மணலை உண்டாக்காது.

அதனால் போட்டால் இப்படி. இரண்டு வளைவுக்கு இடைவெளி, மணல் மேட்டு விளிம்பிலிருந்து வளைவின் நுனி வரை உள்ள நீளத்தில் 2 முதல் 3 மடங்கு. 60 மீட்டர் வளைவு என்றால் 120 முதல் 180 மீட்டருக்கு ஒன்று. உங்கள் 2 கி.மீ.க்கு ஒன்றோ இரண்டோ கேட்டுப் பயனில்லை, 12 முதல் 16 வரை போகும். ஒற்றை வளைவு தெற்கே ஒரு மூலையில் மணலைச் சேர்த்து, வடக்கே ஒரு பள்ளத்தைத் தோண்டும், அவ்வளவுதான். கட்டுவதை வடக்கு முனையிலிருந்து தொடங்க வேண்டும்: கடைசி வளைவு நிரம்பிய பிறகு அதற்குத் தெற்கே அடுத்தது. தெற்கிலிருந்து தொடங்கினால் கட்டி முடிக்கும் வரை வடபாதி பட்டினி கிடக்கும். வடகோடி வளைவுகளை ஒன்றைவிட ஒன்று குட்டையாக்கிக்கொண்டே போனால்தான் அடுத்த ஊர் எல்லையில் வெட்டு திடீரென்று விழாது.

இத்தனையும் செய்தாலும், வளைவுகளுக்கு நடுவே வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்பாமல் விட்டால், அவை நிரம்பும்வரை எடுத்துக்கொள்ளும் மணல் முழுவதும் வடக்கு ஊரின் பங்கு. பக்கத்து ஊர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அடுத்த ஊருக்குச் செய்வீர்கள். இதை நான் அறமாகவும் சொல்கிறேன், உத்தியாகவும் சொல்கிறேன்: வடக்கு ஊர்களையும் சேர்த்து ஒரே தீர்மானமாகக் கொண்டு போனால்தான் பைபாஸ் (மறிக்கப்பட்ட மணலை வடக்கே கடத்தி விடுவது) கேட்கும் குரலுக்கு எடை வரும்.

வாடையில் திசை மாறும் என்பதை வரைபடம் போடுபவர்கள் மறப்பதும் உண்டு. ஆறேழு மாதம் வளைவின் தென்புறம் சேர்ந்த மணல் வாடையில் வடபுறம் மாறும், தென்புறம் வேர்ப்பகுதி வெட்டுப்படும். வளைவின் வேரை மணல் மேட்டுக்குள் 10 மீட்டருக்குக் குறையாமல் புதைக்காவிட்டால் கடல் அதன் பின்னால் வழி திறந்துவிடும். வளைவு தனியாகத் தண்ணீரில் நிற்கும்.

கரைவலைக்காரர்கள் சொல்வதையும் தீர்மானத்தில் சேருங்கள். கரைவலைக்கு இரண்டு முனைக் கயிறும் கரையேற நீண்ட தடையில்லாத மணல் வேண்டும். 150 மீட்டருக்கு ஒரு வளைவு வந்தால் அந்தத் தொழில் அங்கே முடிந்தது. வளைவின் ஓரமாகக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் உருவாகும், குளிக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்தான இடம் அதுதான். பலகை வையுங்கள்.

—

பதில்: வடகரை

மூவருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன். மணல்தான் வேண்டும் என்றால், டிரெட்ஜருக்குக் காத்திருக்காமல் லாரியில் மணல் அடித்துக் கொட்ட முடியாதா? ஒப்பந்ததாரர் ஒருவர் முன்வருகிறார். இன்னொன்று, புதுச்சேரியில் கடலுக்கடியில் போட்டார்களே, அதுபோல எங்களுக்கும் கேட்கலாமா?

—

பதில்: அலைவாய்

லாரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடற்கரை என்பது கண்ணுக்குத் தெரியும் மணல் மட்டும் இல்லை. மேட்டு விளிம்பிலிருந்து, கடலுக்குள் அலை மணலை அசைக்கும் ஆழம் வரை ஒரே சரிவு. மேடு நீர்மட்டத்துக்கு மேல் 2.5 மீட்டர், அசையும் எல்லை 6 மீட்டர் ஆழம் என்று வைத்தால் மொத்த உயரம் 8.5 மீட்டர். அதாவது கரை 1 சதுர மீட்டர் கூடவோ குறையவோ 8.5 கன மீட்டர் மணல் வேண்டும். 2 கி.மீ. நீளத்துக்கு 30 மீட்டர் அகலம் மீட்க 5,10,000 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 51,000 நடை. நூறு, இருநூறு நடை கொட்டினால் பார்க்க மேடாக இருக்கும், ஒரு வாடையில் சரிந்து அடிக்கடலில் பரவிப் போய்விடும். மேலும் அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று ஒப்பந்ததாரரைக் கேளுங்கள். ஆற்றிலிருந்து என்றால் நாளை கடலுக்கு வர வேண்டிய மணலை இன்றே திருடுவது. கடற்கரையில் வேறோர் இடத்திலிருந்து என்றால் கடலோர ஒழுங்காற்று விதிகளின்படி அது குற்றம்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள், தீர்மானத்துக்கு எண் கிடைக்கும். ஊர் முழுக்கச் சராசரியாக ஆண்டுக்கு 4 மீட்டர் கரை போகிறது என்று உங்கள் அளவு காட்டினால், 4 × 2,000 × 8.5 = 68,000 கன மீட்டர். உங்கள் ஊரின் ஆண்டுப் பற்றாக்குறை அது. "மணல் போடுங்கள்" என்று கேட்பதற்கும் "ஆண்டுக்கு 68,000 கன மீட்டர் போடுங்கள்" என்று கேட்பதற்கும் மேசைக்கு அந்தப் பக்கம் கிடைக்கும் மரியாதை வேறு.

முகத்துவார மணலைக் குழாயில் அனுப்பும்போது கவனிக்க வேண்டியது தரம். உங்கள் கரை மணலைவிட நைசாக இருந்தால் நிற்காது, சேறு கலந்திருந்தால் கடல் மாதக் கணக்கில் கலங்கி மீன் விலகும். சம பருமனோ சற்றுக் கரடோ இருக்க வேண்டும், சேறு 5 முதல் 10 சதவீதத்துக்குள். படகுத் துறைக்குள் தூர்வாரியதில் எண்ணெயும் கழிவும் இருக்கும், அதைக் கரையில் போட விடாதீர்கள், வாய்ப்பகுதி மணல் மட்டும். குழாய் தூரம் சில கிலோமீட்டரைத் தாண்டினால் நடுவில் ஊக்கப் பம்பு வேண்டும், மதிப்பீட்டில் அது இருக்கிறதா பாருங்கள்.

காலம்: கரைக்கு மணல் திரும்பும் பருவத்தில் போட்டால் தங்கும், அதாவது வாடை ஓய்ந்த பிறகு. ஆனால் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். முட்டைக் குழி மேல் 1 மீட்டர் மணல் கொட்டினால் குஞ்சு வெளியே வராது. வனத்துறையிடம் கேட்டு, குழிகளை மாற்றிய பிறகு, சித்திரையில் தொடங்கலாம்.

புதுச்சேரி விஷயம். 2018ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே சுமார் 900 டன் எஃகு ஆப்பு ஒன்றை நீருக்கடியில் இறக்கியது. அலை அதன் மேல் முன்கூட்டியே உடைந்து சக்தி குறைவதால் பின்னால் மணல் தங்குகிறது. அங்கே மறுபடி மணல் வந்தது உண்மை. ஆனால் அந்தத் திட்டம் ஆப்பு மட்டும் இல்லை, மணல் நிரப்பலும் சேர்ந்தது. வற்றிய ஓட்டத்தில் ஆப்பை மட்டும் வைத்தால், அது பின்னால் சேர்க்கும் மணலும் வடக்கு ஊரின் பங்காகவே இருக்கும். உங்கள் ஊருக்குக் கேட்பதானால் படகு போய்வரும் வழி, வலை சிக்கும் இடம், மிதவை விளக்கு மூன்றையும் வரைபடத்தில் குறித்துக் கேளுங்கள்.

—

பதில்: மணல்மேடு

இந்த வாடைக்கு முன் வீட்டைக் காப்பாற்ற என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள் என்பதால்:

சிமென்ட் சாக்கில் மணல் கட்டி அடுக்காதீர்கள். வெயிலில் சில மாதத்தில் நைந்து, பிளாஸ்டிக் நார் முழுக்கக் கடலுக்குப் போகும். 1 கன மீட்டருக்குக் குறையாத ஜியோ டெக்ஸ்டைல் மூட்டைகளை, நிமிர்த்தி அடுக்காமல் 1க்கு 1.5 சரிவில், செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். கீழ்வரிசை மணலுக்குள் 1 மீட்டராவது புதைய வேண்டும். நிரப்பும் மணலை அதே கரையில், கடல் பக்கமிருந்து தோண்டக்கூடாது. இப்படிச் செய்தால் ஒன்றிரண்டு பருவம் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரிய அளவில் ஜியோ டியூப் (அதே துணியில் மணல் நிரப்பிய நீண்ட குழாய்) செய்வதும் உண்டு. ஒடிசாவின் பெந்தா கிராமத்தில் 505 மீட்டருக்குக் குழாய்களை அடுக்கி, மேலே கல் கூடை போர்த்தி 2016ல் முடித்தார்கள். திறந்து வைத்த டியூபுக்கு நங்கூரமும் தூண்டில் முள்ளும் கத்தியும் எதிரி. ஒரு கிழிசலில் மணல் முழுவதும் கொட்டிவிடும், போர்வை அதனால்தான்.

வெட்டு குறைவாக உள்ள வடபாதியில் மணல் மேட்டை இப்போதே வளர்த்துவிடுங்கள். இது செலவில்லாத வேலை. பனை மட்டை அல்லது தென்னங்கீற்றால் 1 மீட்டர் உயர வேலி, பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு. நெருக்கமாகக் கட்டினால் காற்று சுழன்று வேலியடியைத் தோண்டும், இடைவெளி இருந்தால் காற்று தளர்ந்து மணலை இறக்கும். வேலி மூழ்கியதும் அதன் மேல் இன்னொன்று. முதல் மழைக்கு அடப்பங்கொடித் தண்டை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, கணு இரண்டு மண்ணுக்குள் போக நடுங்கள். முன்வரிசையில் ராவணன் மீசை. சவுக்கு வேண்டாம். அது காற்றைத் தடுக்கும், மணல் வெட்டைத் தடுக்காது. அடியில் கொடிகளை வளரவிடாது, வெட்டு வந்ததும் வேரோடு சாய்ந்து மேட்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். படகு இறக்கும் வழியை மேட்டில் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் அலை அந்த வழியே ஊருக்குள் ஏறாது.

—

பதில்: கடல்கடந்தவன்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹோல்டர்னஸ் என்றொரு பகுதி. மணல் இல்லை, பனிப்பாறை விட்டுப்போன களிமண் குன்று, ஆண்டுக்குச் சராசரி 2 மீட்டர் அளவில் இடிகிறது. 1991ல் மேப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதன் சாலையையும் காக்கச் சுமார் 20 லட்சம் பவுண்ட் செலவில் இரண்டு கல் வளைவும் கல் சரிவும் போட்டார்கள். ஊர் தப்பியது. அங்கே மணல் ஓட்டம் தெற்கு நோக்கி, ஆகவே தெற்கே கவுடன் பக்கத்துப் பண்ணை நிலங்களில் இடிவு கூடியது. மண் வேறு, கடல் வேறு, விளைவு ஒன்றுதான்.

அங்கே பிறகு கற்றுக்கொண்டது, எல்லையை ஊராட்சிக் கோட்டில் போடாமல் மணல் ஓடும் கோட்டில் போடுவது. ஒவ்வொரு மணல் வட்டத்துக்கும் (ஒரே மணல் ஓட்டத்தில் அடங்கும் கரைப்பகுதி) ஒரு கரை மேலாண்மைத் திட்டம். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கில் ஒரு முடிவு: இருக்கும் கோட்டைக் காப்பது, கோட்டைக் கடல் பக்கம் நகர்த்துவது, திட்டமிட்டுப் பின்வாங்குவது, தலையிடாமல் விடுவது. கடைசி இரண்டும் கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் முன்கூட்டியே முடிவு தெரிந்தால் புதுப் பள்ளிக்கூடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் வெட்டுக்கோட்டில் கட்டாமல் இருக்கலாம். உங்கள் தெற்கு முனையில் எந்தப் புதுக் கட்டடத்துக்கும் ஊரே அனுமதி தர வேண்டாம் என்பது இன்றே எடுக்கக்கூடிய முடிவு. வீடு இழப்பவர்களுக்கு அதே ஊரில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் மனை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மீனவரைப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய்க் குடியமர்த்துவது தொழிலைப் பறிப்பது.

—

பதில்: நெய்தல்

அளவு எடுக்கும் முறையைக் கேட்டிருந்தீர்கள். இரண்டு கம்பு, ஒரு கயிறு போதும்.

1.5 மீட்டர் கம்பு இரண்டு. மேல்நுனியிலிருந்து கீழாகச் செ.மீ. கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவே சரியாக 2 மீட்டர் கயிறு. ஊருக்குள் அசையாத ஒரு புள்ளியிலிருந்து தொடங்குங்கள்: கோயில் படிக்கட்டு, பாலத்துக் கைப்பிடிச் சுவர் போல. ஒரு கம்பு அங்கே, மற்றது கடல் பக்கம் 2 மீட்டர் தள்ளி, இரண்டும் செங்குத்தாக. கரைப்பக்கக் கம்பின் பின்னால் நின்று, கடல்பக்கக் கம்பின் நுனியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை வையுங்கள். அந்தக் கோடு கரைப்பக்கக் கம்பை வெட்டும் இடத்தில் உள்ள எண்தான் அந்த 2 மீட்டரில் தரை இறங்கிய அளவு. தரை ஏறினால் கரைப்பக்க நுனியிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, கடல்பக்கக் கம்பில் படியுங்கள். குறித்துக்கொண்டு, பின்கம்பை முன்கம்பு நின்ற அதே இடத்துக்கு நகர்த்துங்கள். முழங்கால் தண்ணீர் வரை போகலாம். கம்பு மணலில் புதைந்தால் எண் கெடும், அடியில் ஒரு தகடு அடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஊருக்கு நான்கு கோடு, 500 மீட்டருக்கு ஒன்று. தெற்கு முனையில் கூடுதலாக ஒன்று. மாதம் ஒருமுறை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றிய நேரத்தில். இரண்டு மாத அளவையும் ஒரே தாளில் வரைந்தால் இடையில் உள்ள பரப்புதான் போன மணல். கோடுகளின் இடைவெளியால் பெருக்கினால் கன மீட்டர்.

ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் கரை வெட்டுப்படுவதும் மாசிக்குப் பிறகு மணல் திரும்புவதும் இயல்பு. அலை மேட்டு மணலை எடுத்துக் கடலுக்குள் திட்டாக வைக்கிறது, ஓய்ந்ததும் திருப்பித் தருகிறது. ஆகவே கார்த்திகையை அதற்கு முந்திய ஆவணியோடு ஒப்பிட்டுப் படம் போட்டால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். இந்த ஆண்டுச் சித்திரையைப் போன ஆண்டுச் சித்திரையோடு ஒப்பிடுங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்ப்பவர்களுக்கும் இதேதான். நம் கரையில் ஓதம் 1 மீட்டர் வரை ஏறி இறங்கும். கரைச் சரிவு 1க்கு 10 என்றால் அதனால் மட்டுமே நீர்க்கோடு 10 மீட்டர் தள்ளித் தெரியும். நீர்க்கோட்டை விட்டுவிட்டு, செடிகொடி முடியும் கோட்டை அளவிடுங்கள்.

—

பதில்: வடகரை

தெளிவாகிவிட்டது. மூட்டை அடுக்கும் வேலையைத் தெற்கு முனையில் உடனே தொடங்கச் சொல்கிறேன். கல்லோ வளைவோ எது வந்தாலும் அனுமதி வாங்க ஊர் ஏதாவது செய்ய வேண்டுமா?

—

பதில்: கருங்கல்

அனுமதி வாங்குவது கட்டும் துறையின் வேலை. 2019 கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையில் அரிப்புத் தடுப்புப் பணிக்கு இடமுண்டு. விண்ணப்பம் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குப் போகும். அதோடு 1:4000 அளவில் வரைபடமும் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையும் இணைக்க வேண்டும். ஊர் செய்ய வேண்டியது அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பது. மூன்று இடத்தைத் தேடுங்கள்: மணல் ஓட்டக் கணக்கில் வாடைக் காலமும் உண்டா, வடக்கு ஊர்க் கரைக்கு என்ன ஆகும் என்று மீட்டரில் எழுதியிருக்கிறதா, கட்டிய பிறகு எத்தனை ஆண்டு அளப்பது, யார் செலவில் என்று இருக்கிறதா. இல்லாவிட்டால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், உங்கள் கம்பு அளவுத் தாளின் நகலை அதோடு இணையுங்கள். முதல் அளவைப் புரட்டாசி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள், வாடைக்கு முந்திய அளவு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.